தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்

புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க இருவர் இருந்தார்கள். பழைய பஸ்கள் என்றால் உயிரை விடும் குழுவொன்றோடு டிப்போக்களையும் போக்குவரத்து அருங்காட்சியகத்தையும் பகல் முழுவதும் சுற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த ஸ்டியரிங்கை நீர் தொட்டிருக்கக் கூடாது,” என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

“டிப்போவைக் காவல் காக்கிற வாச்சர்தானே ஏறச் சொன்னவர்,” என்றார் மற்றவர்.

“அந்த டபுள் டெக்கரைப் பற்றி அவருக்கு அரை மணித்தியாலம் கதை சொன்னது நான். உம்மை இந்த ட்ரிப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் நான்.”

“நீர் அந்த நேரம் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டீர்.”

“எனக்கு ஃபோனில ஒரு கோல் எடுத்திருக்கலாம்.”

“ரெண்டு கையும் ஸ்டியரிங்கில இருந்தது.”

ஜன்னலோரக்காரர் மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டார்.

“எஞ்சினையும் ஸ்டார்ட் பண்ண விட்டவரோ?”

“ஓம். ஒரு நிமிஷம் ஓடினது. வாச்சரைக் கொண்டு வீடியோ எடுத்து வச்சிருக்கிறன், பாக்கிறீரோ?”

“வேண்டாம்.”

பம்பலப்பிட்டி தாண்டும்வரை அவர் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

“அந்த வீடியோவை அனுப்பிவிடும். உம்மட முகம் வாற இடத்தை வெட்டிப்போட்டு அனுப்பும். எனக்கு எஞ்சின்ர சத்தம் மட்டும் போதும்.”