பதிந்துவைத்த எண்

வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். கனகேஸ்வரி அதைப் பார்த்துச் சிரிப்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தவள் அவள்.

1998இல் சுபாங் ஜெயாவில் ஒரு கணினி நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. வாடிக்கையாளர்கள் மோடம் வழியாக எங்களை அழைத்து மின்னஞ்சல் அனுப்புவார்கள், எடுப்பார்கள். என் மைத்துனன் பாலனும் கொழும்பிலிருந்து அழைப்பான். அங்கே போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை. வடக்கில் யார் செத்தார், யாரைக் காணோம் என்று அவன் அனுப்புவான். அக்காள்காரி கனகேஸ்வரி அச்செடுத்து, உறவுகளைத் தேடும் வீடுகளுக்குக் கொண்டுபோவாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தொலைபேசிக் கடையிலிருந்துதான் அழைப்பான்.

ஜூனில் எவனோ ஒரு வாடிக்கையாளரின் பாஸ்வர்டைத் திருடி உள்ளே புகுந்தான். நான் கால்பேக் முறையைக் கொண்டுவந்தேன். யார் அழைத்தாலும் எங்கள் இயந்திரம் துண்டித்துவிட்டு, அவர் பதிந்துவைத்த எண்ணுக்குத் தானே திருப்பி அழைக்கும். ஒருவருக்கு ஒரே எண். நேர்த்தியான ஏற்பாடு, இன்றைக்கும் சொல்வேன்.

"அவன் ஒரே கடைக்கு ரெண்டு தரம் போறேல்லை. அதாலதான் இன்னும் பிடிபடேல்லை," என்றாள் கனகேஸ்வரி. "அவனுக்கு மட்டும் விடுங்கோ."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் லா. நம்பர் குடுக்கச் சொல்லு."

மேனேஜர் பழனியப்பனுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தேன். அவர் ஊர் ஊராக ஓட்டலில் தங்குபவர். மைத்துனனுக்குச் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு ஒருவர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாதல்லவா?

பாலன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையின் எண்ணைக் கொடுத்தான். ஐந்து வாரம் அங்கிருந்தே அழைத்தான். ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை, அந்தக் கடை வாசலிலேயே அவனைப் பிடித்து வேனில் ஏற்றிப் போனார்கள். அன்று மாலையே எங்களுக்குத் தகவல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம் பாலனின் பெயரில் ஓர் அழைப்பு வந்தது. இயந்திரம் துண்டித்தது, வெள்ளவத்தை எண்ணுக்குத் திருப்பி அழைத்தது. எண் சரி. பாஸ்வர்டும் சரி. அவன் மின்னஞ்சல் பெட்டியில் கனகேஸ்வரி எழுதிய கடிதங்கள் இருந்தன: எந்தச் செய்தியை யார் சொன்னது, அவரிடம் மறுபடி என்ன கேட்க வேண்டும் என்று, ஊரும் பேருமாக. பதினொரு பேர். ஒரு பொத்தானைத் தட்டித் துண்டித்திருக்கலாம். ஆனால் விதிப்படி அது முறையான இணைப்பு. துண்டித்தால் என் ஏற்பாட்டில் ஓட்டை இருப்பதாக நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கடிதம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலன் திரும்பவில்லை. அந்தப் பதினொரு பேரில் ஏழு பேரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. மற்ற நால்வரைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமையே பெட்டியை முடக்கிவிட்டதாகக் கனகேஸ்வரியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்களாவது இருந்தீர்களே என்றாள்.

அந்த வருட அறிக்கையில், கால்பேக் வந்தபின் அந்நியர் எவரும் உள்ளே நுழையவில்லை என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.