காகிதம் வைத்துத் தைத்த போர்வை

ஒட்டுப் போர்வை தைக்கிறவர்கள் அவசரப்படக் கூடாது ஐயா. காகிதத்தை ஆறு மூலையாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்ட வேண்டும். அப்படி மடித்த துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துக் கையால் இணைக்க வேண்டும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் தைத்து முடிந்த பிறகுதான் உள்ளிருக்கும் காகிதத்தை உருவலாம். தையல் பள்ளியில் சிஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. சங்கராபுரத்தில் பதினைந்து வருடமாகத் தையல்கடை வைத்திருந்தும் அதற்கு நேரம் வாய்த்ததில்லை. போன ஐப்பசியில்தான் ஆரம்பித்தேன். என் தங்கை இசைவாணிக்கு ஏதாவது கைவேலை வேண்டியிருந்தது.

அவள் புருஷன் இளமாறன் புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலுக்குப் போனவன். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். போலீஸ் வந்ததும் பாதிப் பேர் கல்வராயன் மலைக்கு ஓடினார்கள். அவனும் மலையேறிவிட்டான் என்று ஊரில் பேச்சு. இசைவாணி ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா செத்ததிலிருந்து அவளை வளர்த்தவள் நான். கல்யாணமாகிப் போன மூன்று வருடமும் எனக்கு ஒற்றை ஆளுக்குச் சமைக்கத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அவள் பெயருக்கு என் கடை முகவரியில் இன்லண்ட் கடிதம் வந்தது. சிறை முத்திரை இருந்தது. சின்னசேலம் பக்கம் வெளியூர்க்காரர்களோடு பிடிபட்டானாம். 'இசை, பயப்படாதே. ஜாமீனுக்கு ஆள் பார். ஒருமுறை வந்துவிட்டுப் போ.'

அவனிடம் போனால் அவளுக்குத் திரும்பவும் அதே கூட்டம், அதே பட்டினி. எனவே கடிதத்தை ஆறு மூலையாகக் கத்தரித்தேன். ஒரு கடிதத்தில் ஒன்பது துண்டு வந்தது.

அந்த வாரமே அவள் அவனுடைய போட்டோவை எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனாள். நான்தான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் ஊர் ஊராகக் கேட்டுவிட்டுக் காலெல்லாம் வெடித்து வந்தாள்.

"யாருமே பாக்கலயாங்க்கா. இன்னும் மேல போயிருப்பாரோ?"

"வருவாருடி. நீ தைச்சிக்கினு இரு," என்றேன். காலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

எழுத்துப் பக்கம் துணிக்குள் மறையும்படி கடையில் நான் மடித்துக் கொண்டுவந்ததை வீட்டில் அவள் இணைப்பாள். வாரம் ஒரு கடிதம் வந்தது. கார்த்திகையில் எழுத்து கோணலாக ஆரம்பித்தது. மஞ்சள் காமாலை, சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தான். 'நீ ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன்' என்று ஒரு வரி. அதை மூன்றாக வெட்ட வேண்டியிருந்தது.

ஒருநாள் அவள் தையலைத் தடவிப் பார்த்தாள். "இன்னாக்கா, காயிதம் உள்ளயே இருக்குது. எப்ப எடுக்கறது?"

"எல்லாம் முடியட்டும். நான் சொல்ற வரிக்கும் உருவாத."

அவள் என் பேச்சைத் தட்டியதில்லை. போகிப் பண்டிகையன்று மட்டும், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நடுத்துண்டின் காகிதத்தை உருவியிருக்கிறாள். அதில் அவள் பெயர் இருந்தது. நான் திரும்பியபோது போர்வை முழுவதும் பிரிந்து கிடந்தது. தொண்ணூறு காகிதங்களையும் தரையில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. எல்லாவற்றையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். இப்போது உங்கள் மேஜையில் இருப்பவை அவைதான். வெட்டியது நான்தான். யாரும் தூண்டவில்லை.

கடிதங்களை விடுங்கள், மார்கழியில் சிறையிலிருந்து வந்த தந்தியையாவது ஏன் காட்டவில்லை என்று கேட்கிறீர்கள். அவன் இறந்துவிட்டான், உடலைப் பெற்றுக்கொள்ள வரவும் என்று அதில் இருந்தது. யாரும் போகாததால் அவர்களே புதைத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தந்தியோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன். காட்டலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இசைவாணி தட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளாகவே, "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்று கேட்டாள். பிள்ளை சாப்பிடுகிற நேரத்தில் அதைச் சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்?