குருவம்மா போட்ட ஊர்க்குறி

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொம்பூரணின்னு ஒரு ஊரு, எங்க ஊருதான். அந்த ஊருல குருவம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். ஊருக்கே துணி வெளுக்கிறவ. புருசன் இல்ல. ஒரே மக பேராச்சி, தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தாளாம். கேக்குறீகளா? ம் கொட்டுங்க, அப்பத்தான் எனக்குக் கதை வரும்.

குருவம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா எந்தத் துணி எந்த வீட்டுதுன்னு தெரியணுமில்ல? சேங்கொட்டையில ஊசியைக் குத்தி, அந்தப் பாலைத் தொட்டுத் துணி ஓரத்துல குறி போடுவா. மேல சுண்ணாம்பைத் தடவுனா கறுத்துப் போகும். துணி கிழிஞ்சாலும் குறி அழியாது. ஒரு வீட்டுக்கு ரெண்டு புள்ளி, ஒரு வீட்டுக்கு வளையம், இப்படி வீட்டுக்கு ஒண்ணு. அந்தப் பாலு மேல பட்டுச்சோ, தொலைஞ்சோம். தோலு கொப்பளிச்சு உரிஞ்சு போகும்.

அந்த ஆடியில, வெள்ளையனே வெளியேறுன்னு சீமையே கொதிச்சுக் கிடந்துச்சாம். தந்திக்கம்பியை அறுத்தாகன்னு போலீசு வந்து பக்கத்து ஊருல எட்டு வீட்டைக் கொளுத்திருச்சாம். ஒருத்தனை அடிச்சே கொன்னு வண்டியில போட்டுக்கிட்டுப் போச்சாம். புகை இங்க வரைக்கும் வந்துச்சாம். அது அடங்குறதுக்குள்ள, ஒருநா விடிஞ்சு பாத்தா, நம்ம சாவடிக் கூரை மேல மூவர்ணக் கொடி பறக்குது!

யாரு ஏத்துனா? யாருக்கும் தெரியாது. ஆனா ஏத்துன மகராசன் ஒரு தப்புப் பண்ணிட்டான். பழைய வேட்டியைக் கிழிச்சுச் சாயத்துல முக்குனவன் ஓரத்தைப் பாக்கல. ஓரத்துல குறி இருந்துச்சு. மூணு புள்ளி, அடியில ஒரு கோடு. வெட்டி எறிய எம்புட்டு நேரம் ஆகும்? கூறுகெட்ட பய.

இன்ஸ்பெக்டர் வந்தான். கொடியை இறக்குனான். குறியைப் பாத்தான். நேரா குருவம்மா துணி அவிக்கிற வெள்ளாவி அடுப்புக்கு வந்துட்டானாம்.

"ஏய், இது எந்த வீட்டுக் குறி?"

பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ போட்ட குறிதானே! சொன்னா அந்த வீடு கரியாப் போகும். சொல்லலைன்னா ஊரே கரியாப் போகும். புள்ளத்தாச்சி மக வேற பின்னால நிக்கிறா. குருவம்மா மகளை மறைச்சு முன்னால வந்து நின்னாளாம்.

"சாமி, சாயத்துல குறி மங்கிக் கிடக்கு. துணியோட துணி வச்சுப் பாத்துத்தான் சொல்லணும். அம்மன் கோயில் கொடைன்னு ஊர்த்துணி பூரா என் பானையில வேகுது. பிரிச்சு அலச நாளைக்கு உச்சியாகும்."

"வர்றேன். வீடு வீடாக் குமிச்சு வை. நீ சொல்லலைன்னா உன் கூரையில இருந்து ஆரம்பிப்பேன்."

ஊருக்கு ரெண்டு வாசல்லயும் ஆளை நிறுத்துனான். ஒரு மண்ணெண்ணெய் டின்னைச் சாவடி முன்னால இறக்கி வச்சுட்டுப் போனான். அன்னைக்கு ஊரு சனம் அதை விலகிச் சுத்தித்தான் நடந்துச்சாம்.

குருவம்மா பானையைப் பிரிச்சா. சேங்கொட்டையை எடுத்தா. ஒவ்வொரு துணிக்கும் மறு ஓரத்துல குறி போட்டா. மூணு புள்ளி, அடியில ஒரு கோடு. அடுத்த துணி. மூணு புள்ளி, அடியில ஒரு கோடு. அந்தக் கொடிக்கார வீட்டுத் துணிக்கு மட்டும் மறு ஓரத்துல யாருக்கும் இல்லாத ஒரு புதுக் குறி. அப்பத்தானே எல்லாத் துணிக்கும் ரெண்டு குறி வரும்? ஊசி ஒடிஞ்சு போச்சு. விரலால தொட்டுப் போட்டா. பாலு முழங்கை வரைக்கும் வழிஞ்சுதாம்.

பேராச்சி ஒரு கொட்டையை எடுக்க வந்தா.

"தொடாதடி! தொட்டே, கையை ஒடிச்சுப்புடுவேன்."

"ஒண்டியா எப்படி ஆத்தா முடிப்ப?"

"முடிப்பேன். உன் கை சுத்தமா இருக்கணும்."

எதுக்குச் சொல்றாள்னு அந்தப் புள்ளைக்கு அப்பப் புரியல.

மறுநா உச்சி. ஊரே கூடி நிக்குது. இன்ஸ்பெக்டர் ஒரு குமியைப் புரட்டுனான். மூணு புள்ளி, ஒரு கோடு. அடுத்த குமி. மூணு புள்ளி, ஒரு கோடு. ஊரு பூரா அதே குறி.

"என்னடி இது?"

"கொடைக்கு வெளுக்கிற துணிக்கெல்லாம் ஊர்க்குறி போடுறது சாமி. ஒரு ஓரம் வீட்டுக் குறி, மறு ஓரம் ஊர்க்குறி. கொடியில இருக்கிறது ஊர்க்குறி."

"அதுல வீட்டுக் குறி எங்க?"

"கிழிச்சுல்ல எடுத்திருக்கான். அந்த ஓரம் எங்க கிடக்கோ."

இன்ஸ்பெக்டர் ஒரு வேட்டியை மோந்து பாத்தானாம். புதுச் சேங்கொட்டை வாடை. மெதுவா நிமிந்தானாம்.

"கையைக் காட்டு."

குருவம்மா காட்டுனா. ரெண்டு கையும் கொப்பளம், நீராக் கோத்துக் கிடக்கு. பேராச்சி கையையும் பாத்தான். சுத்தமா இருந்துச்சு. அவளை விட்டுட்டான். ஊரைப் பாத்துத் திரும்புனான்.

"கொடி ஏத்துனவன் இங்கதான் நிக்கிறான். வந்து விலங்குக்குக் கையை நீட்டு. இவளை விட்டுடுறேன்."

ஒருத்தன்கூட நீட்டல. நெஞ்சு பொறுக்கலை எனக்கு, இப்பச் சொல்றப்பவும். அத்தனை ஆம்பளையும் கையைக் கக்கத்துல சொருகிக்கிட்டு நின்னாகளாம். அந்தக் கொப்பளத்து மேலயே விலங்கைப் பூட்டுனான். குருவம்மா ஒரு மூஞ்சியையும் பாக்கலையாம். பாத்தா கண்ணு போயி அந்த வீட்டுக்காரன் மேல நின்னுருமில்ல? தரையைப் பாத்துக்கிட்டே நடந்தாளாம். ஊரணிக் கரை தாண்டுற வரைக்கும் தெரிஞ்சாளாம். அப்புறம் அவளை யாரும் பாக்கல. வேலூரு ஜெயில்ல செத்துட்டாள்னும் சொல்றாக, வழியிலயே போலீசு கொன்னுருச்சுன்னும் சொல்றாக. டின்னு மட்டும் ரொம்ப நாளு சாவடி முன்னாலயே கிடந்துச்சாம்.

அஞ்சு வருசம் போச்சு. சுதந்திரம் வந்துச்சு. அதே சாவடியில கொடியேத்தக் கூடிட்டாக. மாலை என்ன, சர்க்கரைப் பொங்கல் என்ன! பேராச்சி புள்ளையைக் கையில புடிச்சுக்கிட்டு வந்து கம்பத்தை மறிச்சு நின்னாளாம்.

"எங்காத்தா கையை நீட்டுனா. நீங்க யாராச்சும் நீட்டுனீகளா?"

ஒருத்தன் முன்னால வந்து ரெண்டு கையையும் சேத்து விலங்குக்கு நீட்டுற மாதிரி நீட்டுனானாம். அப்புறம் பக்கத்துல நின்னவன். அப்புறம் ஊரு பூரா. பேராச்சி அத்தனை கையையும் பாத்துட்டு, அவளே கயித்தைப் புடிச்சு இழுத்தாளாம்.

அதான் இன்னைக்கும் ஆகஸ்டு பதினஞ்சுன்னா கொம்பூரணியில எல்லாத் துணி ஓரத்துலயும் மூணு புள்ளி, ஒரு கோடு. வர்ற தாசில்தாரு துண்டுக்கும் உண்டு. மொதல்ல கை, அப்புறந்தான் கொடி. கயிறு பேராச்சி வம்சத்துக்குத்தான்.

அது எந்த வீட்டுக் குறின்னு கேக்குறீகளா? எங்க ஊருல அதைக் கேக்கக் கூடாது. அந்தா, கொடிக் கயித்தைப் புடிச்சுட்டாக. கையை நீட்டுங்க.