செந்தட்டி நூல் ட்ரவுசர்

அய்யோ, பயப்படாதீங்க ஹாஜரா அக்கா, திருடனெல்லாம் இல்ல. மாடியில எங்க வீட்டு ஆளு ஷ்யாம்தான். வாழைப்பட்டையக் கட்டையால அடிச்சு நார் எடுக்குறாரு. ஆமா, விளக்கு வெச்ச நேரத்துல. அத வழிச்சுல்ல எடுக்கணும், அடிக்கக் கூடாதாமே. வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவரு, அடிக்கிறாரு. ஐ.டி. வேலைய விட்டுட்டு வந்து பாக்குற தொழிலு இது.

மஃரிப் தொழுதுட்டீங்கல்ல? பாப்பாவ உங்க மடியில போடவா? மெல்ல. சுடுதா? சுடும். அதுக்குத்தான் கீழ ஓடியாந்தேன். ஷ்யாமுக்குத் தெரிஞ்சா இந்நேரமே திருப்பரங்குன்றத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு, அவங்க ஹாலாஸ்யம் ஐயாகிட்ட. இயற்கை வாழ்வியல் குழு. பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல்னா அந்த ஐயா என்ன பண்ணுவாரு தெரியுமா? வயித்துல ஈரமண்ணு, பால நிப்பாட்டு. பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவருதான்க்கா. லோன் கேட்டு வந்தவனையெல்லாம் காயப்போட்டுப் பழகுன கை.

காய்ச்சல் எதனாலயா? இந்தா, தொடையப் பாருங்க. வீங்கியிருக்கா? எல்லாம் நூலு பண்ணுன வேல. நீங்க பாத்துட்டீங்க, ஷ்யாம் கேட்டா நூலாலதான்னு சொல்லணும்.

உல்லனா? அய்ய. ஆட்டு முடிய வெட்டுறது பாவமாம். பருத்திக்கு மருந்தடிக்கிறாங்களாம். அதனால வாழ நாரு, கத்தாழ நாரு, தாமரத்தண்டு நூலு. கடைசியா செந்தட்டி. அட, நம்ம கம்மாக்கரையில கால்ல பட்டா நாள்பூரா சொறிவோமே, அதேதான். இமயமலைப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு ஜாதி வளருதாம். அவிச்சு அடிச்சு நூலாக்கிட்டா அரிக்கிற சொணை போயிருமாம். பாக்கெட்டு மேல ஒரு வெள்ளக்காரப் பாப்பா சிரிக்கிது.

பின்னுறது யாரு? நாந்தான். கான்வென்ட்ல சிஸ்டர் கிராஃப்ட் பீரியட்ல சொல்லிக்குடுத்தது. அது உல்லன், இழுத்தா வரும், விட்டா சுருங்கிக்கும். இந்த வாழ நாரு இருக்கே, ஐயாவோட சிஷ்யங்க மாதிரி, வளையவே மாட்டேங்கும். கத்தாழ நூல்ல பின்னுனத வெச்சு இட்லிச்சட்டி தேச்சேன், நெசமாத்தான், பளபளன்னு ஆயிருச்சு. தாமரத்தண்டுல தொப்பி பின்னி ஒருக்காத் தொவச்சேன், தொங்கிப்போயி காய்கறிப் பையாயிருச்சு. அதையும் எம்பொண்ணு தலையில மாட்டி போட்டோ எடுத்துப் போட்டாரு. அதுக்கு எம்புட்டு லைக்குங்கிறீங்க!

மதுர வெயில்ல ஸ்வெட்டரு! காளவாசல் சிக்னல்ல நின்னா தோலையே கழட்டிப் போட்டுறலாம்னு இருக்கும். அங்கதான் நாளைக்குக் கண்காட்சி வெக்கிறாங்க. வாங்குறது யாரு? அவங்க ஆளுகளேதான். இவரு தொப்பிய அவரு வாங்க, அவரு துண்ட இவரு வாங்க.

பின்ன ஏன் பின்னுறன்னா கேக்குறீங்க? இந்தச் செந்தட்டி ட்ரவுசர நானேதான் கேட்டு வாங்கிப் பின்னுனேன். அவருக்கு வாயெல்லாம் பல்லு, பொண்டாட்டி திருந்திட்டான்னு. தொடைப்பக்கம் பட்டிய நல்லா இறுக்கி வெச்சேன். இன்னைக்கி அவரு ஸ்டால் போடப் போனப்ப மாட்டி விட்டேன், வீங்கிருச்சு. அம்புட்டுதான்.

என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க? சொணைன்னா தொட முழுக்கத் தடிச்சிருக்கணுமா? அதென்னமோ... அடுத்த தொடையில ஏன் இல்லங்கிறீங்க. அது... நடுவுல புள்ளியா? எங்க?

நாலு புள்ள வளத்தவங்ககிட்ட வந்து சொல்றேன் பாருங்க, என்னச் சொல்லணும்.

அந்த ட்ரவுசர அவ இன்னும் ஒருக்காக்கூடப் போடலக்கா. பழங்காநத்தத்துல சரண்யாதேவி நர்ஸம்மாகிட்டப் போயி தடுப்பூசி போட்டுட்டு வந்தேன். காய்ச்சல் வரும், வீங்கும், ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்னாங்க. சிரப்பும் குடுத்துட்டேன். ஊசியே ஆகாதுங்கிற அவங்க கூட்டத்துல ஒரு குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்துச்சு. இருமி இருமி மொகமே நீலமாயிருச்சு, ஐயா நாக்குல தேன் தடவிக்கிட்டு இருக்காரு. நான் பக்கத்துல உக்காந்து பின்னிக்கிட்டிருந்தேன். ஒரு வரிச பூரா தையல் நழுவிருச்சு. அன்னைக்கே நெனச்சேன், ஊசி போட்டா வீங்கும், வீங்குனா பழி போட ஒண்ணு வேணும்னு. அதான் செந்தட்டி.

உங்களுக்கே தெரிஞ்சிருச்சு. ஐயாவுக்குத் தெரியாமலா போகும்?

அந்தா, படியில எறங்குறாரு. எந்திரிக்காதீங்க, பாப்பா முழிச்சிருவா. நீங்க எனக்காகப் பொய்யெல்லாம் சொல்ல வேணாம். ஊசி போட்டாச்சு, அடுத்ததும் போடுவேன்னு நானே சொல்லிக்கிறேன். ஆனா உள்ள இருந்துதான் சொல்லுவேன்.

உங்க கதவுத் தாப்பாள் இறுக்கமா இருக்கே. ம், விழுந்துருச்சு.