சத்தம் நின்ற பிக்கப் வண்டி குறித்து அதை ஓட்டியவர் கூறியது

நான் மேற்படி விலாசத்தில் மாடி வீட்டில் என் மகளுடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது முப்பத்தொன்பது. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து, செடிப் பண்ணையிலிருந்து சிமெண்ட் தொட்டிகளையும் மரக்கன்றுகளையும் ஏற்றிச் சென்று வீடுகளில் இறக்கும் தொழில் செய்து வருகிறேன். என் கணவர் தையல்காரர். சில மாதங்களாக அவர் தன் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறார். அவர் என் வண்டியின் பிரேக்கைக் கெடுத்து என்னைக் கொல்லப் பார்த்ததாக என் அண்ணன் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து என் வண்டியில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மிதித்தால் வண்டி நின்றது, சத்தம்தான் தாங்க முடியவில்லை. தொட்டி இறக்கப் போன ஒரு வீட்டம்மா, "பிரேக் போடுறீங்களா, பன்னிய அறுக்குறீங்களா?" என்று கேட்டார். மெக்கானிக் பார்த்துவிட்டு, பிரேக் பேட் தேய்ந்துவருகிறது, புதியது வரவழைத்து மாற்றித் தருகிறேன் என்றார்.

அதன் பிறகு மகளைப் பார்க்க வந்த என் கணவர், பாரவண்டி ஓட்டுவது பொம்பளை செய்கிற வேலையா என்று ஆரம்பித்தார். நான், "அந்தச் சத்தத்த நிறுத்தித் தர வக்கில்ல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க" என்றேன். அவர் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு வந்த ஞாயிறு காலை நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே அவர் என் வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மகள்தான் சாவி கொடுத்திருக்கிறாள். நான் கூப்பிடவில்லை, அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியெல்லாம் போட்டு முடித்த பிறகும் நான் கீழே போகாமல் நின்றிருந்தேன். அவர் போன பிறகு மகள் மேலே வந்து, "அப்பா சரி பண்ணிட்டாராம்மா. இனிமே கத்தாதாம்" என்றாள். "வண்டியா, நானா?" என்று கேட்டேன்.

மறுநாள் வண்டியை எடுத்தபோது, ஓட்டுநர் சீட்டில் நெடுநாளாக இருந்த கிழிசல் தடித்த நூலால் இரட்டைத் தையல் போட்டு மூடப்பட்டிருந்ததைக் கண்டேன். தெருவிலும் கடைவீதியிலும் பிரேக் சத்தமே இல்லை. அதன் பிறகு பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையிலிருந்து இறங்கும்போது, பாதி வழியில், எவ்வளவு மிதித்தும் பிரேக் பிடிக்காமல் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இறக்கத்தின் அடியில் பேருந்துக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, ஹாரனை அழுத்தியபடியே ஓரத்திலிருந்த சலவைக் கடைச் சுவரில் வண்டியை உரசவிட்டேன். சுவர் சரிந்து வண்டி நின்றது. தொட்டிகள் நொறுங்கின. என் இடது மணிக்கட்டு முறிந்தது. வேறு யாருக்கும் அடியில்லை. ஓர் அம்மாள் ஓடி வந்து என் வாயில் தண்ணீர் ஊற்றினார். அப்போதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க எனக்கு வரவில்லை.

அதன் பிறகு மெக்கானிக் முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்த்து, பேட்டின் முதுகில் கிரீஸ் அளவுக்கு மேல் அப்பியிருப்பதாகவும், இறக்கத்தில் ஏறிய சூட்டில் அது உருகி, பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கில் வழிந்து பிடிப்பு போய்விட்டதாகவும், சத்தம் போக இப்படிப் பூசுகிறவர்கள் உண்டு என்றும் சொன்னார். மருத்துவமனைக்கு வந்த என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் கதவோரமாகவே நின்று, "தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுற மாதிரிதான்னு நெனச்சேன்" என்றார். என் அண்ணன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். என் கணவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

கொல்ல நினைத்த ஆள் சீட்டையும் தைத்து வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். என் அண்ணன் என் மேல் உள்ள பாசத்தில் பதறிப்போய்ப் புகார் கொடுத்திருக்கிறார்.

மேலும் அதிகாரி கேட்டதற்குச் சொல்வதாவது. என் கணவர் என்னை அடித்ததாக இதே நிலையத்தில் நான் முன்பு புகார் கொடுத்தது உண்மை. அது அவர் தெரிந்தே செய்தது. இது தெரியாமல் செய்தது. ஆகவே இந்த விஷயத்தில் அவர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பு கொடுத்த அந்தப் புகாரை நான் திரும்பப் பெறவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்)