சத்தம் போடாத பிள்ளை

என் மகள் ஷாமினி கடைக்குப் போனால் எதற்கும் அடம்பிடிக்கமாட்டாள், மேடம். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். செமோரில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் தாய்மார்கள், எப்படி வளர்க்கிறாய் என்று என்னிடமே கேட்பார்கள். நல்லபடியாக வளர்த்தேன் என்று நீங்களும் அறிக்கையில் எழுதினால்தான் குழந்தைகள் நல இல்லத்திலிருந்து அவளை என்னிடம் திருப்பித் தருவார்களாம். அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அழுகை ஆகாது. என் கணவர் தீபன் சிம்பாங் பூலாய் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தபோது அவளுக்கு ஒன்பது மாதம். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். அழத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்ற பயம்தான்.

அவள் அழும்போதெல்லாம் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அழுகை நின்றதும் திறந்து, தூக்கி முத்தம் கொடுப்பேன். அவ்வளவுதான். ஒருநாளும் அடித்ததில்லை. முதலில் ஒரு மணி நேரம் கதவைத் தட்டிக்கொண்டு கிடப்பாள். பிறகு பத்து நிமிடம். அப்புறம் உதடு பிதுங்கும்போதே என் முகத்தைப் பார்த்து, தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளப் பழகிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை யூனிஃபார்மைத் தேய்த்து முடித்தேன். சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, காய்ந்த துணி எடுக்க வெளியே போனேன். வீட்டுக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, அவளைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மா அக்கா வேலையிடத்துக்கு ஃபோன் செய்தார்.

"என்னா குமுதா, புள்ள உள்ளங்கை வெந்து போயிருக்கு. தொட்டாகூட அழ மாட்டேங்குதுலா, என்னைப் பாத்துச் சிரிக்குது. எனக்குப் பயமா இருக்கு."

விரல்கள் இனி முழுதாக விரியுமா என்று ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லவில்லை. பெற்றவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டார்கள். அவள் அழவில்லை, அதனால் தெரியவில்லை என்றேன்.

அது பொய். துணியோடு உள்ளே வந்தபோதே பார்த்துவிட்டேன். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். இழுத்துப் பார்த்தேன், தோல் உரிந்திருந்தது. அவள் உதடு நடுங்கியது. எனக்கும் நடுங்கியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஷாமினி கெட்டிக்காரி, அழ மாட்டா" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கேட்டால் பிள்ளை பயந்துவிடும், இல்லையா?