மனுவில் கையெழுத்திட்ட கைகள் எழுதும் மடல்

மேகம் தவழும் மேட்டுப் பள்ளியின் மேன்மைமிகு தலைமையாசிரியை அவர்களே! மழலையரின் மொழியை மதித்த மாண்பே! கரும்பலகைக்கும் காட்டுப் பாதைக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள் கால்கடுக்க நடந்த கருணையே! நீங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் உடன் உழைத்தோர் உளம் கசிந்து உரைக்கும் மடல் இது. புகழ்ச்சியைவிட இதில் வருத்தமே மிகுதி, பொறுத்தருள்க!

நீங்கள் வந்தபோது இங்கே ஒரு விதி இருந்தது. தம் மலைமக்களின் வீட்டு மொழியில் பேசிய பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். முதல் வாரமே நீங்களும் வெளியே போய் அந்தப் பிள்ளைகளோடு நின்றீர்கள். "என்ன டீச்சர், நீங்க இங்க?" என்று கேட்டோம். "இவங்க பேசுறது எனக்குப் புரியல சார். தெரியாதவங்கதானே வெளியே நிக்கணும்?" என்று சிரித்தீர்கள். மறுநாள் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு விழுந்தது. இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் பாடநூல் சொல். எழுத்தில்லாத அவர்கள் பேச்சுக்கு நம் எழுத்தை இரவல் தந்தீர்கள். பதினொன்றாய் இருந்த அந்தப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர் ஆனார்கள்!

புதன்கிழமைகளில் ஒரு மாணவியின் தாய் வந்து, தம் மக்கள் கடந்துவந்த பதினொரு மலைகளின் நெடும்பாட்டைப் பாடுவார். ஒரு மலைக்கு ஒரு மாதமாக நீங்கள் எழுதுவீர்கள். அதை முழுதாக அறிந்தவர் அவர் ஒருவரே. ஏழு மலைகள் எழுதி முடிந்தன.

அப்போதுதான் நாங்கள் அந்தப் பிழையைச் செய்தோம். பாட நேரம் பாழாகிறது, தேர்ச்சி விகிதம் குறையும் என்று கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு போனது. ஆறு பேர் கையெழுத்திட்டோம். நால்வர் இன்று இந்த மேடையில் இருக்கிறோம். அதை எழுதியவன் கணக்கு ஆசிரியனாகிய நான். இம்மடலை எழுதும் கையும் அதுவே.

உங்களை அடிவாரத்தில் ஓர் அலுவலக மேசைக்கு மாற்றினார்கள். அந்தத் தாய் மூன்று புதன்கிழமைகள் வந்தார். "டீச்சர் எப்ப வருவாங்க?" என்றார். "தெரியாதும்மா" என்றோம். நாலாவது வாரம் அவர் வரவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமே எங்கோ செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் வருகைப் பதிவேட்டில் அவர்களில் பதினேழு பெயர்களே இருந்தன. தேர்ச்சி விகிதம் உயர்ந்ததா? அதுவும் இல்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, உங்களைத் திருப்பி அனுப்பும்படி இன்னொரு மனு எழுதினோம்.

வந்தீர்கள். யார் எழுதியது, ஏன் எழுதியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி மீண்டும் பிள்ளைகளைச் சேர்த்தீர்கள். விடுமுறைதோறும் சூளை சூளையாக அந்தத் தாயைத் தேடினீர்கள். கிடைக்கவில்லை. நான்கு மலைகளுக்கான பக்கங்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. அந்த வெறுமை எங்கள் கைவேலை.

சென்ற வாரம், நெஞ்சு பொறுக்காமல் உங்கள் அறைக்கு வந்தேன். "அந்த மனுவ எழுதுனது நான்தான் டீச்சர்" என்றேன். நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். "அன்னைக்கே தெரியும் சார். அலுவலகத்துல காட்டுனாங்க. உங்க கையெழுத்த மதிப்பெண் பட்டியல்ல எத்தனை வருஷமா பாக்குறேன்!" என்றீர்கள். பிறகு, "டீ சொல்லவா?" என்று கேட்டீர்கள்.

அறிந்தும் அமைதி காத்த அன்னையே! என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒரு மாதம் என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தீர்களே, தெரிந்துதானா? மனுவில் கையெழுத்திட்ட அறிவியல் ஆசிரியரின் மகள் திருமணத்தில் முதல் ஆளாக வந்து வாசலில் நின்று வரவேற்றீர்களே, தெரிந்துதானா?

முழங்கால் வலி நீங்கி, உண்ட உணவு உடலில் ஒட்டி, உற்றார் சூழ, ஊக்கம் குன்றாமல் நூறாண்டு வாழ்க! நாளும் நலமே நாடி வருக!

ஆனாலும் ஒரு குறை எங்களுக்கு உண்டு. ஒரே ஒரு நாளாவது எங்கள்மேல் கோபப்பட்டிருக்கலாமே, டீச்சர்!

தலைகுனிந்த அன்புடன்,
பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்